ஏர்ல போகுது

இரவு ஒன்றரைக்குக் கணினியில் தட்டிப் பார்த்தேன்:
பீளமேட்டிலிருந்து ஹாம்பர்க்.
ஏழாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்,
எட்டு மணி ஐம்பது நிமிடம்,
ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்து
என்றது.
அப்படி ஒரு விமானமே கிடையாது என்பதை மட்டும்
சொல்லவில்லை.

வரைபடத்தில் நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு.
நூல் எங்களுக்குத் தெரியும்.
முப்பதாம் நம்பர்,
இழுத்தால் எங்கே அறும் என்பதும் தெரியும்.

இந்த முறை அறுந்தது சாயத்தில்.
குழந்தைகள் இரவுடை, பன்னிரண்டாயிரத்து நானூறு,
ஆகாய நீலம் கேட்டிருந்தார்கள்.
முதல் லாட்டில் வந்ததும் ஆகாயம்தான்,
எங்கள் ஆகாயம்,
சித்திரை மதியத்தில் வெளிறிப்போய்க் கிடப்பது.
அவர்கள் அட்டையில் இருந்தது வேறு வானம்.
மறுபடி சாயம், மறுபடி சாம்பிள், மறுபடி கூரியர்.
ஒன்பது நாள்.
தூத்துக்குடியில் கப்பல் யாருக்காகவும் நிற்பதில்லை.

"அப்ப ஏர்ல தானுங்" என்றார் முதலாளி சேமலையப்பன்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி,
துடைத்ததையே துடைத்தபடி.
ஏர் என்ற சொல்லுக்கு எங்கள் பக்கம் இரண்டு பொருள்.
இரண்டிலும் ஆட்கள் தோட்டம் விற்றிருக்கிறார்கள்.

கிலோவுக்கு இருநூற்றுத் தொண்ணூறு.
உருப்படி ஒன்று நூற்று நாற்பது கிராம்.
ஒன்றுக்கு நாற்பது ரூபாய் அறுபது காசு வானத்துக்கு.
ஒன்றில் எங்களுக்கு நிற்பது பதினொன்று.
போட்ட கணக்கை அவரிடம் காட்டவில்லை,
தாளைக் கவிழ்த்து வைத்தேன்.
அவருக்குத் தெரியாததா.

நூற்று இருபத்து நான்கு பெட்டி.
கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டியபோது மூன்று மணி.
லாரிக்காரர் மாரப்பன் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டே,
"ஏனுங்க அம்மிணி, அந்த ஊரு எத்தன நேரமுங்?"
சொன்னேன்.
"அட, நம்ம பெங்களூரு போற நேரந்தானுங்"
என்று சிரித்து
மூன்று இருபதுக்குக் கிளப்பினார்.

ஏழு மணிக்கு அவரே அழைத்தார்.
தொப்பூர் கணவாயில் சிமெண்டு லாரி சாய்ந்துகிடக்கிறது.
ஒன்பது மணிக்கும் தொப்பூர்.
பதினொன்றுக்கும் தொப்பூர்.
பக்கத்து லாரியில் சோறு பொங்குகிறார்கள் என்றார்.

அந்த இல்லாத விமானத்தையும்
மூன்று இருபதுக்கே நான் மனசுக்குள் கிளப்பிவிட்டிருந்தேன்.
பெட்டிகள் மலைச்சரிவில் நிற்க
அது அரபிக்கடல் தாண்டியது,
ஈரானின் உப்புப் பாலை தாண்டியது,
கருங்கடலில் சற்றே குலுங்கியது,
பன்னிரண்டு பத்துக்கு ஹாம்பர்க்கில் இறங்கியது,
காலியாக.
அங்கே அப்போது காலை எட்டு நாற்பது.
பையர் அலுவலகத்தில் ஆன்யா நாற்காலியை இழுத்துப் போட்டு
எனக்கு ஒரே வரி எழுதினாள்:
சரக்கு எங்கே?
கிளம்பிவிட்டது, என்று பதில் போட்டேன்.
பொய்யில்லையே.

மாரப்பன் கார்கோ கதவு மூடும் முன்பு போய்விட்டார்,
இருபது நிமிடம் மிச்சம்.
அப்புறம் தோஹாவில் ஒரு குடோனில்
இருபத்தாறு மணி நேரம் கிடந்தன.
அப்புறம் பிராங்பர்ட்.
அங்கிருந்து மறுபடியும் ஒரு லாரி,
அதை ஓட்டியவருக்கும் ஒரு தொப்பூர் இருந்திருக்கும்.
மொத்தம் நான்கு நாள் ஆறு மணி.
நேர்கோட்டில் பறந்தது என் பதைப்பு ஒன்றுதான்.

சரக்கு போய்ச் சேர்ந்தது என்று மெயில் வந்த சாயங்காலம்
பையில் செகண்ட்ஸ் ஒன்றை மடித்து வைத்துக்கொண்டேன்,
அந்த வெளிறின ஆகாயம்.
ஊத்துக்குளிக்குப் பதினாறு கிலோமீட்டர்.
மூன்று நாளாக நான் போய்ச் சேரவில்லை,
கட்டிங் மேசையடியில்தான் தூக்கம்.
மகள் போனில் கேட்டாள்,
"எத்தன மணிக்குமா வருவ?"
முக்கால் மணி நேரம் என்றேன்,
ஏறவும் இறங்கவும்
அரை மணி சேர்த்துக்கொள் என்றேன்.

பஸ் ரயில்வே கேட்டில் நின்றது.